கறியை விட்டேன், பந்தியை விடவில்லை

மதுரையில் ஒருவர் கறி சாப்பிடுவதில்லை என்றால் முதல் கேள்வி, "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்பதுதான். அடுத்தது, "எதுவும் வேண்டுதலா?" இரண்டும் இல்லை, ஆடு கோழியை நினைத்து விட்டுவிட்டேன் என்றால் நம்ப மாட்டார்கள். கறிதோசைக்கும் எலும்பு ரோஸ்டுக்கும் வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற ஊர் இது. நான் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், வாக்கப்பட்டது செல்லூரில். இரண்டு வீட்டிலும் கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் மனம் மாறியதற்கு அந்த வேலைதான் காரணம். எங்களிடம் கணக்குக் கொடுக்கும் ஒருவர் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறார். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் இறக்கிவிடும். கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு எல்லாம் இவர் பொறுப்பு. ஆறு வாரம் போல ஆனதும், கோழி ரெண்டு கிலோ வந்துவிட்டால், ராத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அவர் கொண்டுவரும் பண்ணை அட்டையில் தினமும் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று உண்டு: இன்று செத்தது எத்தனை. 9, 12, 7 என்று பேனாவால் எழுதிக்கொண்டே போயிருப்பார். கத்தரி வெயில் நாளில் கரண்ட் போய் காற்றாடி நின்றால் அந்தக் கட்டத்தில் மூன்று இலக்கம் வரும். நூற்றுக்கு நாலைந்து செத்தால் அதை நஷ்டம் என்றே யாரும் நினைப்பதில்லை, முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. குஞ்சு இறக்கிய முதல் வாரம் ராத்திரியெல்லாம் பல்பு எரிகிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பவர். அந்தத் தொழிலின் கணக்கு அப்படி.

அந்த அட்டைகளைக் கூட்டிப் போடுகிற வேலையில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓர் ஆட்டை அறுத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தேறும். அதே கறிக்கு எட்டு ஒன்பது பிராய்லர் கோழி வேண்டும். அயிரை மீனாக இருந்தால் கால் கிலோ குழம்புக்கே நூறு உயிருக்கு மேல் போகும். நம்மில் பலர் 'மட்டனைக் குறைச்சுட்டேன், இப்ப சிக்கனும் மீனும் மட்டும்தான்' என்று பெருமையாகச் சொல்கிறோம். கொலஸ்ட்ராலுக்கு அது சரியாக இருக்கலாம். உயிர்கள்மேல் உள்ள அக்கறை என்று பார்த்தால் தலைகீழ். அதனால் நான் கோழியைத்தான் முதலில் விட்டேன், ஆட்டைக் கடைசியில்.

இந்த வரிசையை யாரிடம் சொன்னாலும் விநோதமாகப் பார்க்கிறார்கள். ஆனால் நடைமுறையிலும் இது சுலபம். பிராய்லர் கறியை விடுவதில் நாக்குக்குப் பெரிய இழப்பில்லை, மசாலா இல்லாவிட்டால் அதில் ருசி என்று என்ன இருக்கிறது? அயிரைதான் கஷ்டம். எங்கள் பக்கம் அதை உயிரோடுதான் விற்பார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் துள்ளிக்கொண்டே வீட்டுக்கு வரும். மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு, மேலே மீனைக் கொட்டி, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி உரச வேண்டும். முதலில் கைக்கடியில் நெளியும், அப்புறம் நுரை கட்டும், அப்புறம் நெளிவது நிற்கும். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை செய்திருப்பேன்! பண்ணை அட்டைக்கு அப்புறம் அந்தக் கை வரவில்லை.

முட்டைக்கும் வந்துவிடுகிறேன், ஏனென்றால் 'முட்டையில என்ன உயிர் இருக்கு' என்பதுதான் எல்லோரும் கேட்பது. சித்திரைப் பொருட்காட்சிக்கும் கோயில் திருவிழாவுக்கும் போனால் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் பூசிய கோழிக்குஞ்சு விற்பார்கள் இல்லையா? வாங்கி வந்த ரெண்டாம் நாளே செத்துப்போகும். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் பொரித்த சேவல் குஞ்சுகள். சேவல் முட்டை போடாது, அந்த இனத்தில் கறியும் தேறாது. அதனால் பொரித்த அன்றே கழித்துவிடுகிறார்கள். கழிக்கிற விதங்களில் சாயம் பூசி விற்பதும் ஒன்று. மிஞ்சிய பெட்டைகள் கம்பிக் கூண்டில் ஓர் ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாமல் நின்று, வருஷத்துக்கு முந்நூறு முட்டை போட்டு, ஒன்றரை வயதுக்கெல்லாம் கறிக்குப் போகும். நாமக்கல் முட்டை மலிவாகக் கிடைப்பதற்கு இதுதான் விலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை போடக்கூடாது என்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏழைப் பிள்ளைக்கு அந்த ஒரு முட்டைதான் அன்றைய புரதம். வேறு வழி இருக்கிற நானும் நீங்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. 'சைவம் மட்டும்' என்று வாடகை போர்டு மாட்டுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. அந்த போர்டு ஆட்டுக்காக மாட்டியது இல்லை, ஜாதிக்காக மாட்டியது. கறி விட்டதும் என்னிடமே ஒருவர், "பெரிய இடத்துப் பழக்கமெல்லாம் வந்துருச்சு போல" என்றார். இந்தச் சந்தேகம் நம் ஊரில் நியாயமானது, ஏனென்றால் சாப்பாட்டை வைத்து மனிதர்களைத் தள்ளிவைத்த ஊர்தான் இது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அடுத்தவர் இலையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை, எந்த வீட்டுப் பந்தியிலும் உட்காராமல் இருப்பதில்லை. பக்கத்து இலையில் கறி இருந்தால் எழுந்து போவதும் இல்லை.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கறி விட்ட பெண்ணுக்கு இருக்கிற முதல் சிக்கல் ஆண்களுக்கு வராது: சமைப்பது யார்? மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வேண்டும். சரி, வைத்துக்கொடுத்தேன். ஆனால் உப்புப் பார்க்க முடியாதே. "ஏங்க, வந்து உப்புப் பாருங்க" என்று ஒவ்வொரு கொதிக்கும் கூப்பிட வேண்டியிருந்தது. முதலில் டிவி பார்த்துக்கொண்டே வந்து போனார். அப்புறம் உப்புச் சரியாக இருக்கிறதா என்று அவரே நின்று பார்க்க ஆரம்பித்து, கரண்டி கைமாறி, கடைசியில் கறி எடுப்பதும் கழுவுவதும் வைப்பதும் அவர் வேலையாகிவிட்டது. அப்படி ஆனதும் வாரம் தவறாத கறி மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாகக் குறைந்தது. நான் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. குடலைக் கழுவிப் பார்த்தவருக்குத்தான் தெரியும் அந்த வேலை.

அத்தைக்கு வேறு கவலை. "ஏத்தா, வெளுத்துப்போயி இருக்கியே, சுவரொட்டி வாங்கி வதக்கித் தாரேன், ரத்தம் ஊறும்" என்பார். பிரசவம் பார்த்த வீடுகளில் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலுக்கும் ஆட்டுக்கால் சூப்புக்கும் இருக்கிற மரியாதை சாதாரணமானதில்லை. அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. இரும்புச்சத்து கறியிலிருந்து உடம்பில் ஒட்டுகிற அளவுக்கு கீரை, பயறிலிருந்து ஒட்டாது. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. முருங்கைக்கீரையோ தட்டைப்பயறோ சாப்பிடும்போது எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஏதாவது கூட இருக்க வேண்டும். அவற்றில் இருக்கும் வைட்டமின் சி இரும்பைச் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். அத்தைக்கு நான் இதையெல்லாம் விளக்கவில்லை, ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். ஹீமோகுளோபின் எண் பழையபடியே இருந்ததைப் பார்த்து அடங்கினார். வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சீட்டு இருப்பது நல்லது. நமக்கும் நல்லது, சொந்தக்காரர்கள் வாயை அடைக்கவும் நல்லது.

புரதத்துக்குப் பயப்படவே வேண்டாம், இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாம் வீட்டில் எப்போதும் இருக்கும் சாமான்கள். தை மாதம் பச்சை மொச்சை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு மசாலாவே அதற்குத்தான். எனக்குப் பிறகுதான் புரிந்தது, நான் ஏங்கியது கறிக்கு இல்லை, அந்தக் குழம்பின் வாசனைக்கு. சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, பட்டை, கொஞ்சம் கல்பாசி, நல்லெண்ணெயில் வதக்கி அம்மியில் அரைத்தால் தெருவே வந்து எட்டிப்பார்க்கும். கல்பாசியை விட்டுவிடாதீர்கள், கறிக்குழம்பு வாசனை என்று நாம் நினைப்பதில் பாதி அதுதான். மீல்மேக்கர் பிடிக்காது என்பவர்கள் பெரும்பாலும் அதைச் சரியாகப் பிழியாதவர்கள். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடியும் பிழிய வேண்டும். அந்தச் சோயா வாடை போய்விடும். அப்புறம் சுக்கா மாதிரி மிளகு தூக்கலாக வறுத்தால் என் பையன் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறான். வாழைப்பூக் கோலா உருண்டையும் அப்படித்தான். கால்சியத்துக்குக் கேப்பையும் எள்ளும் இருக்கின்றன. கேப்பைக்களிக்குக் கீரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட பாட்டிமார் யாரும் கால்சியம் மாத்திரை போட்டதில்லை.

மாத்திரை என்றால் ஒன்றே ஒன்று கட்டாயம், அதை மட்டும் நீட்டிச் சொல்கிறேன். பி12. இது செடி கொடி எதிலும் கிடையாது. ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியில் இருக்கிறது என்று விற்பார்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உடம்பு பயன்படுத்திக்கொள்ள முடியாத வகை. பால் மோர் மட்டும் சாப்பிடும் சைவக்காரர்களுக்கே நம் நாட்டில் இது குறைவாக இருப்பது சகஜம். எங்கள் ஆபீஸில் பிறந்ததிலிருந்து சைவமான ஒரு அண்ணனுக்குக் கால் மதமதவென்று இருந்து, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். சுகர் என்று நினைத்துச் சுகர் பார்த்தார்கள், இல்லை. கடைசியில் பார்த்தால் பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டு மெல்ல மெல்லத் தேறினார். இதில் ஒரு சூட்சுமம், கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் இருக்கும் ஃபோலேட் ரத்தசோகையை வெளியே தெரியவிடாது, ஆனால் உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில வருஷம் தாங்கும் என்பதால் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று இருந்துவிடக் கூடாது. பாலும் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் தினமும் 10 மைக்ரோகிராம், இல்லாவிட்டால் வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. ஏற்கெனவே குறைந்திருந்தால் எவ்வளவு, ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் சொல்லட்டும். கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின், அதனால் மருந்துக்கடையில் மாத்திரையாகவே கேட்டு வாங்குங்கள். இயற்கைக்கு மாத்திரை எதற்கு என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். அவர்களிடம் வாதம் பண்ணாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

இனி குலசாமி விஷயம். எங்கள் பக்கம் மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாம் கோயிலில் கூடுவார்கள். நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து நிறுத்துவார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்தது என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் ஆடு சிலிர்க்கத்தான் செய்யும், ஆனால் அந்த இடத்தில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே நிற்பவர்களுக்கு அது வருஷம் முழுக்கக் காத்திருந்த கடன். 2003-இல் அரசு ஆடு கோழி பலிகொடுக்கக்கூடாது என்று 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது எங்கள் ஊரில் எழுந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2004-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரு கிடாகூட அதனால் பிழைக்கவில்லை. நம்மைக் கேட்காமல் நம் சாமிக்கு என்ன படைப்பது என்று மேலேயிருந்து சொன்னால் எவன் கேட்பான்?

கறி விட்ட அப்புறம் வந்த சிவராத்திரிக்கு நானும் போனேன். பெரியப்பாதான் பூசாரி. விஷயம் தெரிந்ததும், "ஏ ஆத்தா, சாமி குத்தம் ஆயிரும், ஒரு வாயாச்சும் வையி" என்றார். எங்கள் கோயிலில் அய்யனார் சைவம், கருப்புக்குத்தான் கிடா. வெட்டுகிற நேரம் அய்யனார் சந்நிதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். பல ஊர்களில் இதே வழக்கம்தான். "பெரியப்பா, அய்யனாருக்குத் திரை போடுறோம்ல, நான் அந்தத் திரைப் பக்கம் இருந்துக்கிறேன்" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, அப்ப அய்யனார் பொங்கல நீயே வையி" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தப் பொங்கல் என் பொறுப்பு. இப்போது தங்கச்சி மகளும் வந்து கூட உட்கார்கிறாள். வெளியிலிருந்து ஒரு கொள்கையைக் கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் ஏற்க மாட்டார்கள். நம் வழக்கத்துக்குள்ளேயே ஒரு கதவு எங்காவது திறந்துதான் இருக்கும், அதைத் தேட வேண்டும்.

என் தம்பிதான் மசியவில்லை. ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறான், 2017 தை மாதம் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குத் தமுக்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவன். "யக்கா, நீ பீட்டாவுல சேந்துட்டியா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டான். இந்தப் பக்கம் உயிர்களுக்காகப் பேசுகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஜல்லிக்கட்டுக்குத் தடை கேட்ட அந்த அமைப்பிலோ வேறு எதிலோ நான் சேரவில்லை. வாடிவாசலில் நடப்பது எல்லாம் எனக்குச் சம்மதம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சொன்ன ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை: "ஜல்லிக்கட்டு இல்லாட்டி காளங்கன்னு நேரா அடிமாட்டு வண்டிக்குத்தான் போகும். நீ குடிக்கிற காப்பிக்குப் பெத்த கன்னு எங்க போகுதுன்னு கேட்டியா?"

கேட்டேன். மாடு பால் கொடுக்க வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். பிறப்பதில் பாதி காளை. உழவுக்கும் வண்டிக்கும் மாடு கட்டிய காலத்தில் அதற்கு வேலை இருந்தது, இப்போது டிராக்டர். கலப்பினக் காளங்கன்றை வைத்து யாரும் தீனி போட முடியாது. பெட்டைக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த சினை ஊசியே வந்துவிட்டது, நூற்றுக்குத் தொண்ணூறு பெட்டை. காளங்கன்று அந்தக் கணக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. எங்கள் ஆபீஸுக்கு வரும் பால்மாட்டுப் பண்ணைக் கணக்கிலும் 'கன்று விற்ற வகை' என்று ஒரு வரி இருக்கும், தொகை ஒரு மூட்டைத் தவிட்டுக்குக்கூடக் காணாது. இப்படியாக, காளை வளர்க்கிற தம்பிதான் என் காப்பியை நிறுத்தினான். அவனுக்கு இது இன்னும் தெரியாது.

பாலில் காப்பியைவிடத் தயிர்தான் பெரிய பள்ளம், மதுரை வெயிலுக்கு மோர் இல்லாமல் எப்படி? கடலைத் தயிர் கைகொடுத்தது. பச்சை நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலை உரித்து, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் கொதித்துக் கெட்டியாகும், விட்டால் அடிப்பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஆறேழு பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடினால் மறுநாள் உறைந்திருக்கும். முதல் உறை கொஞ்சம் காரவாடை அடிக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் சரியாகிவிடும். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்டு மோராக்கினால் அத்தையே குடிக்கிறார், ஆனால் 'தயிர்' என்று ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் பால் இல்லை என்றாலும், அய்யனார் பொங்கலில் நெய் விழுந்தால் நான் இலையைத் தள்ளுவதில்லை. இது அரைகுறை என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

வெளியே சாப்பிடுவதைப் பற்றிக் கொஞ்சம். இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால் ஆப்பம், முள்ளுமுருங்கை வடை எல்லாம் கவலையில்லை. சாயந்திரம் தெருமுனையில் பருத்திப்பால் கிடைக்கும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, தேங்காய் போட்டுக் காய்ச்சுவது, மாட்டுக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஜிகர்தண்டாவில் கடல்பாசி செடிவகைதான், மீதி பெரும்பாலும் பால். ஏமாற்றுவது பரோட்டாக் கடைதான். மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது கடைக்குக் கடை மாறும். 'வெறும் சால்னா' என்றால் துண்டு இருக்காது, எலும்புச் சாறு இருக்கும். குஸ்காவும் அதே கறிச்சட்டிச் சோறுதான். மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஒரு கடையில் எனக்காகத் தேங்காய்ச் சட்னியை எடுத்து வைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் புரட்டாசியில் ஆரம்பியுங்கள். அந்த மாதம் ஊரில் பாதி வீடுகளில் கறிச்சட்டி பரணில் ஏறிவிடும், 'ஏன்' என்று யாரும் கேட்க மாட்டார்கள், கல்யாண வீடுகளிலும் தொல்லை இல்லை. ஐப்பசி பிறந்தவுடன் எல்லோரும் கறிக்கடை வரிசையில் நிற்பார்கள், தீபாவளியும் வந்துவிடும். கேள்வி வருவது அப்போதுதான். அதற்குள் ரெண்டு மூன்று குழம்பு நன்றாக வைக்கப் பழகியிருந்தால் போதும்.